பிரேசில் 1, ஜெர்மனி 7: நடுக்களம் காலியானால் என்ன ஆகும்?

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே நகரின் மினெய்ராவ் மைதானம். உலகக் கோப்பை அரையிறுதி. 22 நிமிட ஆட்டம் முடிந்தபோது ஜெர்மனி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. அதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு கோல் பின்தங்கிய அணி மீண்டு வந்து ஜெயிப்பது கால்பந்தில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் 29-வது நிமிடத்தில் கணக்கு 5-0. ஆறே நிமிடத்தில் நான்கு கோல்கள். மைதானத்தில் இருந்த 58,141 பேரில் பெரும்பாலோர் மஞ்சள் சட்டைக்காரர்கள். இடைவேளை வருவதற்குள் பலர் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிவு 7-1. சொந்த மண்ணில் நடந்த போட்டித் தொடர்களில் பிரேசில் அதற்கு முன் தோற்றது 1975-ல், கோபா அமெரிக்காவில், பெருவிடம். அதுவும் இதே மினெய்ராவ் மைதானத்தில்தான். நடுவில் 62 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஓடியிருந்தன.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். நெய்மார் இல்லை, தியாகோ சில்வா இல்லை, சொந்த மண்ணில் ஆடும் அழுத்தம் தாங்கவில்லை. மூன்றும் உண்மைதான். காலிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக நெய்மாரின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அதே ஆட்டத்தில் கேப்டன் சில்வா தொடரின் இரண்டாவது மஞ்சள் அட்டையை வாங்கி, அரையிறுதிக்குத் தடை பெற்றார். தேசிய கீதத்தின்போது பின்கள வீரர் டேவிட் லூயிஸும் கோல்கீப்பர் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். சரி, நெய்மார் இல்லாத அணியால் கோல் போட முடியாமல் போகலாம். ஏழு கோல் வாங்குவதற்கு அது எப்படிக் காரணமாகும்? அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் வீரர்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவில் இருந்த தூரத்தைப் பார்க்க வேண்டும்.

வரிசைகளும் இடைவெளியும்

கால்பந்து மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல்கீப்பர் போக மீதி பத்துப் பேர். அவ்வளவு பெரிய இடத்தைப் பத்துப் பேரால் அடைக்கவே முடியாது. அதனால் நல்ல அணி ஒன்று, பந்து எதிராளியிடம் இருக்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்ளும். கடைசியில் நிற்கும் பின்கள வீரருக்கும் முன்னால் நிற்கும் முன்கள வீரருக்கும் இடையே 30, 35 மீட்டருக்கு மேல் இல்லாதபடி நெருங்கி நிற்கும். பந்து வலப்பக்கம் போனால் பத்துப் பேரும் வலப்பக்கம் நகர்வார்கள், முன்னால் போனால் சேர்ந்து முன்னேறுவார்கள். மைதானத்தின் மற்ற பகுதி காலியாகத்தான் கிடக்கும். பரவாயில்லை, பந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் இவர்களும் போய்விடலாம்.

இந்த நெருக்கம்தான் தற்காப்பின் அடிப்படை. 4-2-3-1 என்று அணி அமைப்பை எண்களில் எழுதுகிறார்களே, அது பின்னாலிருந்து முன்னால் வாசிக்க வேண்டியது. நான்கு பின்கள வீரர்கள், அவர்களுக்கு முன் காவலாக இரண்டு நடுக்கள வீரர்கள், அதற்கு முன் தாக்குதலுக்கு மூவர், உச்சியில் ஒரு ஸ்ட்ரைக்கர். அன்று பிரேசில் இறங்கியது இந்த அமைப்பில். ஆனால் எந்த வரிசை எந்த வரிசையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. ஒரே 4-2-3-1, வரிசைகளுக்கு நடுவே பத்து மீட்டர் இருந்தால் கோட்டை. இருபத்தைந்து மீட்டர் இருந்தால் திறந்த வெளி.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அழுத்தமாகத் தட்டிய பாஸ் பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. நின்ற இடத்திலிருந்து ஓடும் மனிதனுக்கு அதே பத்து மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு நொடி வேண்டும். இந்த ஒரு நொடி வித்தியாசத்தில்தான் எதிரணி வீரர் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து, அடுத்த பாஸ் யாருக்கு என்று முடிவெடுக்கிறார். இடைவெளி அதிகமானால் அவருக்குக் கிடைக்கும் நேரமும் அதிகமாகும். ஜெர்மனியின் நடுக்கள வீரர் குரூஸ் போன்ற ஒருவருக்கு ஒரு நொடி கூடுதலாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அன்று உலகமே பார்த்தது.

பிரேசில் எப்படிக் கட்டப்பட்டிருந்தது

2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் ஸ்பெயினை 3-0 என்று வீழ்த்தியது பயிற்சியாளர் ஸ்கோலாரியின் இதே பிரேசில்தான். அந்த அணி முன்னேறி நின்று, எதிராளி மூச்சுவிடுவதற்குள் பந்தைப் பறித்தது. இதைத்தான் பிரஸ்ஸிங் என்கிறார்கள். பிரஸ்ஸிங்குக்கு ஒரு விதி உண்டு: எல்லோரும் சேர்ந்து முன்னேற வேண்டும். முன்னால் நால்வர் பந்தைத் துரத்த, பின்னால் நால்வர் பயந்து பின்வாங்கினால் நடுவில் உள்ள இருவர் தனித்து விடப்படுவார்கள்.

2014-ல் நடந்தது அதுதான். உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்தே பிரேசிலின் நடுக்களம் மெலிந்துதான் இருந்தது. பின்னாலிருந்து பந்தைப் பொறுமையாக நகர்த்திக்கொண்டு வரும் ஆள் இல்லை. டேவிட் லூயிஸ் பந்தை நீளமாக முன்னால் அடிப்பார். அது ஹல்க்கிடமோ ஃபிரெட்டிடமோ போகும். அவர்களிடம் பந்து நின்றால் தாக்குதல், நிற்காவிட்டால் உதிரும் பந்தைப் பொறுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டாவது சுற்றில் சிலிக்கு எதிராக 120-வது நிமிடத்தில் பினியா அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அரை அடி கீழே போயிருந்தால் பிரேசில் அன்றே வெளியேறியிருக்கும். அணி பெனால்டியில் தப்பித்தது, ஆனால் நோய் அப்படியே இருந்தது.

காலிறுதியில் இந்தக் குறையை ஃபவுல்களால் மூடினார்கள். கொலம்பியாவுக்கு எதிராகப் பிரேசில் செய்த ஃபவுல்கள் 31. எதிராளி நடுக்களத்தில் பந்தோடு திரும்பும்போதெல்லாம் இடித்து நிறுத்திவிட்டால் இடைவெளி தெரியாது, ஆட்டமும் துண்டுதுண்டாக நகரும். நெய்மாரும் தன் பங்குக்கு மறைத்தார். அவர் பந்தோடு திரும்பினால் எதிரணியில் இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ வேண்டியிருந்தது, அதனால் அவர்கள் முன்னேறத் தயங்கினார்கள். நெய்மார் இல்லாததன் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன். கோல் குறைந்தது ஒருபுறம் இருக்கட்டும், எதிராளியைப் பின்னால் கட்டிவைத்திருந்த பயம் போய்விட்டது.

நெய்மாரின் இடத்தை ஸ்கோலாரி எப்படி நிரப்பினார் என்பதில்தான் ஆட்டமே தீர்மானமானது. இரண்டு வழிகள் இருந்தன. பாலினியோ அல்லது ராமிரஸை இறக்கி நடுக்களத்தில் மூவராக்குவது ஒன்று. இன்னொரு தாக்குதல் வீரரை இறக்குவது மற்றொன்று. அவர் 21 வயது பெர்னார்டைத் தேர்ந்தெடுத்தார். பெலோ ஹொரிசோன்டேயில் பிறந்து, அந்த ஊர் அணியான அட்லெட்டிகோ மினெய்ரோவில் வளர்ந்த சிறகோர வீரர், வேகக்காரர், கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அந்த மனநிலையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சொந்த மண்ணில், அரையிறுதியில், பிரேசில் பதுங்குவதா? ஆனால் எதிரே இருந்தது ஜெர்மனி.

நடுவில் தலைகளை எண்ணுங்கள்

ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் தொடரின் முதல் பாதியில் பிலிப் லாமை நடுக்களத்தில் ஆடவைத்தார். காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக அவரை வலப்புறப் பின்களத்துக்குத் திருப்பி அனுப்பி, ஷ்வைன்ஸ்டைகர், கெதிரா, குரூஸ் மூவரையும் நடுவில் ஒன்றாக இறக்கினார். அரையிறுதியிலும் அதே அணி. ஷ்வைன்ஸ்டைகர் பின்னால் நின்று ஆட்டத்தைப் பிடிப்பவர், கெதிரா நீண்ட ஓட்டங்களால் பெனால்டி பாக்ஸ் வரை புகுபவர், குரூஸ் பாஸ்களால் வேகத்தைத் தீர்மானிப்பவர். இடப்புறம் தொடங்கும் ஓசிலும் அடிக்கடி உள்ளே வந்துவிடுவார். அப்போது நான்கு பேர்.

எதிரே பிரேசிலுக்கு லூயிஸ் குஸ்தாவோ, பெர்னாண்டினோ. அவ்வளவுதான். ஆஸ்கர் திரும்பி ஓடி வந்தால் மூன்று. ஹல்க்கும் பெர்னார்டும் ஓரங்களில், முன்னால் தள்ளி.

முதல்முறை கால்பந்து பார்ப்பவர்கள் இந்த இருவருக்கு மூவர் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்கள் இங்கேதான் சாய்கின்றன. பெர்னாண்டினோ குரூஸை நோக்கிப் போனால் கெதிரா விடுபடுவார். கெதிராவைப் பிடிக்கப் போனால் குரூஸ் திரும்பிப் பாஸ் கொடுப்பார். இருவருக்கும் நடுவில் நின்றால் யாரையும் பிடிக்க முடியாது. இதில் எதைச் செய்தாலும் தவறு. தவறான முடிவு எடுத்தார் என்று பெர்னாண்டினோவைத் திட்டுபவர்கள் உண்டு. அவருக்குச் சரியான முடிவு என்று ஒன்று கொடுக்கப்படவே இல்லை என்பேன். எண்ணிக்கையில் குறைந்தவரைக் காப்பாற்ற ஒரே வழி, பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ ஒருவர் நெருங்கி வருவது. வரிசைகள் தள்ளி நின்றதால் யாரும் வர முடியவில்லை.

இன்னொரு ஓட்டை இடப்புறம். மார்செலோ பின்கள வீரர்தான் என்றாலும் பந்து கிடைத்ததும் எதிர்முனை வரை ஓடுவார். அது பிரேசிலின் பழைய அழகு, நான் மிக ரசிக்கும் அழகும்கூட. ஆனால் ஒரு ஃபுல்பேக், அதாவது ஓரப் பின்கள வீரர், முன்னே போகும்போது அவர் விட்ட இடத்தை யாராவது ஒருவர் நிரப்பியாக வேண்டும். அந்தப் பக்கம் லூயிஸ் குஸ்தாவோ நகர்ந்தால் நடுவில் மிஞ்சுவது ஒருவர். நகராவிட்டால் மார்செலோவின் முதுகுக்குப் பின்னால் ஜெர்மனியின் தாமஸ் முல்லர் காத்திருப்பார். காலியிடத்தை மோப்பம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அவர்.

அந்த ஆறு நிமிடங்கள்

11-வது நிமிடத்து முதல் கோல் ஒரு கார்னர் கிக்கில் வந்தது. குரூஸ் உதைத்தார். முல்லரைப் பிடிக்க வேண்டியவர் டேவிட் லூயிஸ். அவர் ஓடும் பாதையில் ஜெர்மனியின் ஸ்ட்ரைக்கர் குளோஸ் வந்து நின்றுகொண்டார். சுற்றிப் போவதற்குள் முல்லர் தனியாக நின்று பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். பயிற்சியில் ஒத்திகை பார்த்த வேலை அது, அதற்கும் நடுக்களத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் பிறகு பிரேசில் செய்தது விபரீதம். இன்னும் 79 நிமிடம் மிச்சம் இருக்கும்போதே, கடைசி ஐந்து நிமிடம்போல எல்லோரும் முன்னால் ஓட ஆரம்பித்தார்கள்.

23-ல் இரண்டாவது. குரூஸ் பெனால்டி பாக்ஸ் நோக்கிப் பாஸ் கொடுக்க, முல்லர் அதைத் தொட்டுக் குளோஸுக்குத் தள்ளினார். முதல் உதையை ஜூலியோ சீசர் தடுத்தார், திரும்பி வந்த பந்தைக் குளோஸ் உள்ளே போட்டார். உலகக் கோப்பைகளில் அது அவருடைய 16-வது கோல். அதுவரை 15 கோல்களோடு அவருடன் சாதனையைப் பகிர்ந்திருந்தவர் பிரேசிலின் ரொனால்டோ. அடுத்த நிமிடமே மூன்றாவது. லாம் வலப்புறத்திலிருந்து தாழ்வாக அனுப்பிய பந்தை முல்லர் தவறவிட, பாக்ஸின் விளிம்பில் நின்ற குரூஸ் இடக்காலால் அடித்தார். பெனால்டி பாக்ஸின் விளிம்பு, அதுவும் நடுப்பகுதி: எதிரணி வீரர் தனியாக நிற்கவே கூடாத இடம். அங்கே நடுக்களக் காவலர் ஒருவர் இருக்க வேண்டும். யாரும் இல்லை.

நான்காவது கோலைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கோல் வாங்கிய அணிதான் நடுவட்டத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் என்பது விதி. ஆக, மூன்றாவது கோலுக்குப் பிறகு பந்து பிரேசிலிடம் இருந்தது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பந்து பெர்னாண்டினோவுக்கு வந்தது. தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினார், பின்னால் குரூஸ் வருவதைக் கவனிக்கவில்லை. குரூஸ் பறித்தார், கெதிராவிடம் கொடுத்தார், திரும்ப வாங்கினார், காலி வலையில் தட்டினார். குரூஸின் இரண்டு கோல்களுக்கும் நடுவே சுமார் 70 நொடிகள்தான்.

அந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் பெர்னாண்டினோவின் தவறைப் பார்க்கிறார்கள். நீங்கள் அவரைச் சுற்றிப் பாருங்கள். பந்தை வாங்கிய நேரத்தில் உடனே தட்டிவிடும்படி பக்கத்தில் ஒரு சக வீரர் நின்றிருந்தால் தப்பித்திருப்பார். பறிபோன பிறகாவது குறுக்கே வர ஒருவர் இருந்திருந்தால் கோல் ஆகியிருக்காது. முன்னால் உள்ளவர்கள் முன்னாலேயே நின்றார்கள், பின்னால் உள்ளவர்கள் கோலை நோக்கிப் பின்வாங்கினார்கள். நடுவில் பெர்னாண்டினோ ஒருவர், ஜெர்மானியர்கள் இருவர்.

29-ல் ஐந்தாவது. இம்முறை பந்தோடு நடுக்களத்தைக் கடந்து வந்தவர் ஜெர்மனியின் பின்கள வீரர் ஹம்மல்ஸ்! ஒரு பின்கள வீரர் தடையே இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்து வருகிறார் என்றால் எதிரணிக்கு நடுக்களம் என்று ஒன்று இல்லை என்று அர்த்தம். அவர் கெதிராவிடம் கொடுக்க, கெதிரா ஓசிலிடம் கொடுத்து வாங்கி, அமைதியாகக் கோல் போட்டார். நான்கு கோல்களிலும் ஜெர்மனி அதிசயமாக எதுவும் செய்யவில்லை. குட்டைப் பாஸ்கள், நேர் ஓட்டங்கள். திறந்திருந்த இடத்தில் நடந்தார்கள்.

ஏன் நிறுத்த முடியவில்லை?

கூடைப்பந்தில் என்றால் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்தலாம். கால்பந்தில் அது கிடையாது. ஆனாலும் வழிகள் உண்டு. ஒருவர் கீழே விழுந்து கிடக்கலாம், கோல்கீப்பர் நேரம் எடுக்கலாம், நடுக்களத்தில் ஒரு ஃபவுல் செய்து எல்லோரையும் இடத்துக்குத் திரும்பச் சொல்லலாம். அழகானவை அல்ல, ஆனால் அனுபவமுள்ள அணிகள் இதையெல்லாம் கூச்சமில்லாமல் செய்யும். நான்கு நாள் முன்பு 31 ஃபவுல் செய்த அதே பிரேசில் இந்த ஆட்டம் முழுவதிலும் செய்தது 11. இடிக்க மனமில்லாமல் போகவில்லை, இடிக்கும் தூரத்தில் எவரும் இல்லை. 2014-ல் மூன்று மாற்று வீரர்களை இறக்க அனுமதி இருந்தது. ஸ்கோலாரி முதல் பாதியில் ஒருவரையும் மாற்றவில்லை. இடைவேளையில்தான் பெர்னாண்டினோ, ஹல்க் இருவரையும் எடுத்துவிட்டுப் பாலினியோ, ராமிரஸை இறக்கினார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தேவைப்பட்ட மாற்றம் அது.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பிரேசில் நன்றாகவே ஆடியது. ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயர் அடுத்தடுத்துச் சில நல்ல தடுப்புகள் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் மாற்று வீரராக வந்த ஷூர்லே 69-லும் 79-லும் இரண்டு கோல் போட்டார். 90-ல் ஆஸ்கர் பிரேசிலின் ஒரே கோலைப் போட்டார். ஆட்டம் முடிந்தபின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் தலை சுற்றும்: கோல் நோக்கி உதைத்தது பிரேசில் 18 முறை, ஜெர்மனி 14 முறை. பந்தும் கொஞ்சம் அதிகமாகப் பிரேசிலிடமே இருந்தது. புதிதாகக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இது: பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு ஆட்டத்தை எடைபோடாதீர்கள். பந்து இல்லாதபோது ஒரு அணி எப்படி நிற்கிறது என்பதை அந்த எண் காட்டாது.

அதைக் கண்ணால் பார்க்கப் பழகலாம். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒரு ஐந்து நிமிடம் மட்டும் பந்தைப் பார்க்காதீர்கள். பின்கள நால்வருக்கும் நடுக்களத்துக்கும் நடுவே எவ்வளவு புல் தெரிகிறது என்று பாருங்கள். பச்சை அகலமாகத் தெரிய ஆரம்பித்து, அந்தப் பச்சையில் எதிரணிச் சட்டை ஒன்று தனியாக நின்றால், கோல் விழாவிட்டாலும் ஆபத்து வந்துவிட்டது.

வெகுகாலம் நானும் தியாகோ சில்வா இருந்திருந்தால் கதை வேறு என்று நம்பினேன். பின்கள வரிசையை முன்னே வா, பின்னே போ என்று நடத்துபவர் அவர்தான். டேவிட் லூயிஸ் பந்தைத் தேடி இடத்தை விட்டு ஓடினால் பின்னால் நின்று சமாளிப்பவரும் அவர்தான். அரையிறுதியில் அவர் இடத்தில் ஆடிய டான்டேவுக்கு அந்த உரிமை பழகவில்லை. இந்த நம்பிக்கையைக் கலைத்தது அரையிறுதி அல்ல, நான்கு நாள் கழித்து பிரேசிலியாவில் நெதர்லாந்துடன் நடந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். சில்வா திரும்பி வந்திருந்தார். நடுக்களத்தில் பாலினியோவும் லூயிஸ் குஸ்தாவோவும் இருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் சில்வாவே ராபனைப் பிடித்து இழுத்து ஒரு பெனால்டி கொடுத்தார். 17-வது நிமிடத்தில் ஓரத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது. டேவிட் லூயிஸ் தலையால் முட்டினார், பந்து பெனால்டி பாக்ஸின் நடுவில் போய் விழுந்தது. அங்கே டேலி பிளிண்ட் தனியாக நின்றிருந்தார். பந்தை நிறுத்தி, நிதானமாகப் பார்த்து, வலைக்குள் அனுப்ப அவருக்கு நேரம் இருந்தது.